பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு: அருவி உண்டு, ஏரி உண்டு, எரிமலை?

கேள்வி: ஐஸ்லாந்தில் எரிமலை, ஏரி, அருவி மூன்றையும் ஒரே சாலையில் சுற்றிப் பார்க்கும் படங்களைக் காட்டி என் மகன் நச்சரிக்கிறான். அவ்வளவு தூரம் போக நமக்குக் கட்டுப்படியாகாது. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பக்கம் அப்படி ஒரு சாலை உண்டா? (ஈரோடு வாசகர்)

பதில்: மூன்றில் இரண்டு கிடைக்கும். பாலக்காட்டில் புறப்பட்டு பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு வழியாக இடுக்கி அணை வரை போங்கள். சுமார் 220 கிலோமீட்டர். அருவியும் அணைநீரும் வழிநெடுக வரும். எரிமலை மட்டும் வராது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் எங்கேயும் தொட்டுக்கொள்வதில்லை. மேற்கே திருச்சூரும் எர்ணாகுளமும், கிழக்கே நம் ஆனைமலையும் நடுவில் நிற்கின்றன. அதனால் இரண்டு கேரள மாவட்டங்களை இணைக்கும் மிக அழகான வழி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது. மகனிடம் இதையே முதல் புதிராகப் போடுங்கள்.

கேள்வி: மூணாறு போனபோது, சாலையோரக் கரும்பாறைகளைக் காட்டி "எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்தது" என்றார் ஓட்டுநர். சரியா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இல்லை. உண்மை அதைவிட வியப்பானது.

எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து ஆறிக் கல்லாகிறது. ஆனைமலையின் பாறைகளில் பெரும்பகுதி தரைக்குக் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நினைத்துப் பார்க்க முடியாத அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. நைஸ், சார்னோக்கைட் என்று புவியியலாளர்கள் அழைப்பார்கள். மூணாறு பக்கம் கிரானைட்டும் உண்டு. இந்தப் பாறைகள் கடைசியாகப் பெரிதாக வெந்து எழுந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது தரையில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. அதன்பின் மழையும் ஆறும் மேலே இருந்த கனத்தையெல்லாம் அரித்துக் கொண்டுபோக, அடியில் இருந்தது மேலே வந்தது. ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் பாறை பிறந்த இடமோ பாதாளம். ஒரு வீட்டின் அஸ்திவாரத்தை மொட்டைமாடியில் வைத்துப் பார்ப்பதுபோல.

சார்னோக்கைட்டுக்கு ஒரு சென்னைக் கதையும் உண்டு. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் நம் சென்னைப் பக்கத்திலிருந்து போன பாறை. அந்த இனத்துக்கு தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் சார்னோக்கின் பெயரையே வைத்தார். பல்லாவரத்துக் குன்றும் ஆனைமலையும் அந்த வகையில் உறவுக்காரர்கள்.

ஓட்டுநரை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து பிய்ந்துபோன காலத்திலும் அதை ஒட்டியும், கேரளத்தில் சில இடங்களில் விரிசல்கள் வழியே பாறைக்குழம்பு ஏறிவந்து, வழியிலேயே உறைந்தது. பழைய பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் கறுப்பு நாடாவாக அதைப் பார்க்கலாம். அந்த நாடாவைக் காட்டினால் அவர் சொன்னது சரி. மலை முழுவதையும் காட்டினால் தவறு.

கேள்வி: அப்படியானால் நிஜமான எரிமலை நிலத்தில் பயணம் போக எங்கே போவது? (சேலம் வாசகர்)

பதில்: இந்தியாவுக்குள் என்றால் மகாராஷ்டிரம். மும்பையிலிருந்து மகாபலேஷ்வர் ஏறும் சாலையில் மலை படிப்படியாக, தட்டுத்தட்டாகத் தெரியும். ஒவ்வொரு தட்டும் ஓர் எரிமலைப் பெருக்கு. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் திரும்பத் திரும்ப வழிந்த குழம்பு இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒரே பெயரில் சொன்னாலும், வடக்கில் அது எரிமலைக் கல். நம் பக்கம் வந்தால் ஆதிப்பாறை. அங்கே லோனார் ஏரியையும் பாருங்கள். எரிமலை வாய் என்று பலர் நினைப்பது, எரிமலைப் பாறையில் விண்கல் விழுந்து குடைந்த குழி. இன்றும் புகைகிற எரிமலை என்றால் அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான். அங்கே சாலை கிடையாது.

கடல் தாண்டத் தயார் என்றால் ரியூனியன் தீவு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். முருகன் கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. அதே தீவில் பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் என்ற எரிமலை, உலகில் அடிக்கடி வெடிப்பவற்றில் ஒன்று. 2007இல் அதன் குழம்பு கடற்கரை நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. பிறகு உறைந்த குழம்பின் மேலேயே சாலையைப் போட்டார்கள். இதில் என்னைத் திகைக்க வைப்பது இன்னொன்று. தக்காணத்தை அன்று குழம்பால் மூடியதும் இன்று ரியூனியனில் எரிவதும் பூமிக்கடியில் ஒரே உலை என்பது புவியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. உலை அங்கேயே இருக்க, இந்தியா அதன் மேலாக வடக்கே நகர்ந்து வந்துவிட்டது.

பக்கத்துத் தீவு மொரீஷியஸில், பழைய எரிமலை வாயில் தேங்கிய ஏரிக்கு கங்கா தலாவ் என்று பெயரிட்டு மகா சிவராத்திரிக்கு நடந்தே போகிறார்கள். எரிமலையும் ஏரியும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் அதுதான்.

கேள்வி: பாலக்காட்டுக் கணவாய் எப்படி உண்டானது? (கோவை வாசகர்)

பதில்: மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரே பெரிய வாசல் அது. அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டும் 2,000 மீட்டரைத் தாண்டி நிற்க, நடுவில் மட்டும் நெல்வயல். பூமியின் ஓட்டில் கிழக்கு மேற்காக ஓடும் மிகப் பழைய பலவீனமான பட்டை ஒன்று இங்கே உண்டு. நெரிந்து நொறுங்கிய அந்தப் பாறையை ஆறுகள் எளிதாக அரித்தன என்பது பலர் சொல்லும் விளக்கம். இங்கும் எரிமலைக்கு வேலை இல்லை.

அந்த வாசல் வழியே வரும் காற்றுதான் கஞ்சிக்கோட்டிலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. உங்கள் ஊரின் மே மாத மாலைகள் இதமாக இருப்பதற்கும் அதுவே காரணம். யானைகளுக்குக்கூட இந்த இடைவெளி ஒரு மதில். நீலகிரி யானைக்கும் ஆனைமலை யானைக்கும் மரபணுவில் வித்தியாசம் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை உலுக்கிய நிலநடுக்கமும் இந்தப் பக்கத்தில்தான். தென்னிந்தியா அசையவே அசையாது என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: வழியில் வரும் ஏரிகளில் இயற்கையானவை எவை? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் படம் எடுக்க நிற்கப்போகும் பெரிய நீர்ப்பரப்புகளில் ஒன்றுகூட இல்லை. மலம்புழா 1955இல் திறக்கப்பட்ட அணை. மாட்டுப்பட்டி, குண்டளை, ஆனையிறங்கல், இடுக்கி, எல்லாம் அணைகள். தெற்கே தேக்கடி ஏரிகூட 1895இல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு தேக்கிய நீர். அழகு குறைந்துவிடாது. ஆனால் அந்த நீலத்துக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது, யாருடைய வயலுக்காகவோ, யார் வீட்டு விளக்குக்காகவோ நிறுத்திவைத்த நீர் அது என்பதைத் தெரிந்து பார்ப்பது வேறு.

பரம்பிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். ஆனால் வண்டிப்பாதை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். அங்கே அணைகளை இயக்குவது தமிழ்நாடு. மேற்கே சாலக்குடி ஆற்றுக்குப் போகவேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து, சர்க்கார்பதியில் மின்சாரமாகி, மலையடிவாரத்தை வளைந்துவரும் கால்வாயில் ஓடி, திருமூர்த்தி அணை சேர்ந்து, உடுமலை, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. பதிலுக்குக் கேரளத்துக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது 1970 ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு மாநிலமும் அதைப்பற்றி இன்னும் பேசித் தீர்க்கவில்லை. பரம்பிக்குளம் போனால் கன்னிமாரா தேக்கையும் பார்த்துவிடுங்கள். 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரம் என்கிறார்கள். வெட்டிக் குவித்த காலத்தில் தப்பித்து நின்றது. அந்தக் காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்கென்றே கொச்சி சமஸ்தானம் 1907இல் ஒரு டிராம் பாதை போட்டது. 1963 வரை ஓடியது.

கேள்வி: தூவானம் அருவித் தண்ணீர் அரபிக்கடலுக்குத்தானே போகிறது? (கரூர் வாசகர்)

பதில்: உங்கள் ஊருக்கு வருகிறது! கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. தூவானம் பாம்பாற்றின் அருவி. சின்னாறு காட்டுக்குள் விழுந்து, அமராவதி அணைக்கு வந்து, தாராபுரம் கடந்து, கரூரை ஒட்டிக் காவிரியில் கலக்கிறது. மறையூர் மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது.

இதற்கு நேர் எதிராக ஆழியாறு. தமிழ்நாட்டு மலையில் பிறந்து, பொள்ளாச்சிப் பக்கம் மேற்கே திரும்பி, கேரளத்துக்குள் போய்ப் பாரதப்புழையில் சேர்கிறது. அவர்கள் மழை நமக்கு, நம் மழை அவர்களுக்கு.

கேள்வி: உடுமலையிலிருந்து மூணாறு போகும் காட்டுச் சாலையில் யானை வந்தால்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்க வேண்டாம், படம் எடுக்கக் கையை நீட்டவே வேண்டாம். அது கடக்கும் வரை காத்திருங்கள். ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் காலையில் தாண்டிவிடுங்கள். இருட்டில் அந்தப் பாதையை யானைக்கே விட்டுவிடுவது நல்லது.

சின்னாறு வந்ததும் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். முள்மரமும் கள்ளியுமாக ராமநாதபுரம் போல இருக்கும். மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையை உயர்ந்த மலை தடுத்துவிடுவதால் இந்தச் சரிவுக்கு மிச்சம்தான் வருகிறது. இந்த வறண்ட காட்டில் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் வாழ்கின்றன. அங்கிருந்து மறையூர் ஏறினால் கரும்பும் சந்தனமும். இன்னும் ஏறினால் தேயிலை. ஒரு காலைப் பொழுதுக்குள் இத்தனை நிலம் மாறும் சாலை தென்னாட்டில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: மறையூர்க் கல்வீடுகள் பாண்டவர்கள் தங்கியவையா? (தேனி வாசகர்)

பதில்: பாண்டவர்கள் தங்காத மலை நம் நாட்டில் எது? அவை பெருங்கற்காலத்து மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை. உள்ளூரில் முனியறை என்பார்கள். மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். ஒருவருடைய சமாதி அது.

கேள்வி: வழியில் சாப்பிட? (விருதுநகர் வாசகர்)

பதில்: பாலக்காடு பொள்ளாச்சி சாலையில் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. பல தலைமுறைக்கு முன் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் இன்றும் அங்கே இட்லி சுடுகிறார்கள். மண்பானையின் வாயில் நூல் வலை கட்டிய வளையம், அதன்மேல் துணி, துணிமேல் மாவு. தட்டையாக, மெத்தென்று வரும். இப்போது சில குடும்பங்களே செய்கின்றன, காலையிலேயே போய்விடுங்கள்.

மறையூரில் வெல்லம். உருண்டையாக, கையால் பிடித்தது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ காய்ச்சியதை மறையூர் என்று விற்கும் கடைகளும் உண்டு. ஆலைக்கொட்டகைக்கே போய், காய்ச்சுவதைப் பார்த்து வாங்கினால் விவசாயிக்கும் கூலி சேரும்.

கேள்வி: மூணாறில் மலையாளம் தெரியாமல் சமாளிக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: தேயிலை பறிக்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள், உங்கள் ஊர்ப் பேச்சே காதில் விழும். அந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்கள். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பேச்சு அப்படியே இருந்துவிட்டது. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளிவைத்து, ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்து வென்றார்களே, பெம்பிளை ஒருமை, அவர்களில் பெரும்பாலோர் பேசியதும் தமிழ்தான். பச்சைக் கம்பளம் என்று நாம் படம் எடுக்கும் சரிவு அவர்கள் கை.

கேள்வி: அருவிகளைப் பார்க்கச் சிறந்த மாதம் ஜூலை, ஆகஸ்ட்தானே? கொட்டும் மழையில் போனால்தானே சுகம்? (சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம் ஐயா. அருவி பெருகும் அதே மழையில்தான் மலை சரிகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இரவிகுளம் பூங்காவுக்கு அப்பால் பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள்மேல் மலை இறங்கியது. 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துகிடந்ததால் வெளியுலகுக்கு மறுநாள் காலைதான் தெரிந்தது. பாறைக்கு மேலே பல கோடி ஆண்டு உளுத்துப்போன மண் போர்வையாகக் கிடக்கிறது. நாள்கணக்கில் மழை இறங்கினால் அது பாறையை விட்டு வழுக்கும். அதற்கு எரிமலை வேண்டியதில்லை. இதற்குச் சரியாக 96 ஆண்டுகளுக்கு முன், 1924 பெருவெள்ளத்தில், மூணாறின் சிறு ரயில்பாதை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை.

அக்டோபர் பிற்பாதியிலிருந்து ஜனவரி வரை போங்கள். வடகிழக்குப் பருவத்தில் கனமழை எச்சரிக்கை உள்ள நாளை மட்டும் தவிருங்கள். லக்கம், ஆட்டுக்கல், அடிமாலிச் சாலையில் வாளறை, சீயப்பாறை, எல்லாவற்றிலும் நீர் இருக்கும், சாலையும் இருக்கும். அருவிக்குக் கீழே நிற்பவர்கள் உச்சியையும் பாருங்கள். திருமூர்த்திமலைப் பஞ்சலிங்க அருவியில் காட்டாற்று வெள்ளம் சொல்லாமல் வரும். தடுப்புக் கட்டையும் காவலரும் நிறுத்தினால் திரும்பிவிடுங்கள்.

மழையில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால் கொல்லங்கோட்டில் நில்லுங்கள். நெல்லியாம்பதி மலைச்சுவரில் வெள்ளிக் கோடுகளாக இறங்கும் அருவிகளை வயல்வரப்பிலிருந்தே பார்க்கலாம். மலை ஏறவே தேவையில்லை.

கேள்வி: இரவிகுளத்தில் அடுத்த குறிஞ்சி எப்போது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: 2006, 2018. கணக்கு நீங்களே போடலாம். வேறு சரிவுகளில் வேறு ஆண்டுகளிலும் பூக்கும். எந்த ஆண்டானாலும் பறிக்காதீர்கள். விதை விழுந்தால்தான் மறு பன்னிரண்டு.

கேள்வி: இடுக்கி அணையில் மதகே தெரியவில்லையே? (திருச்சி வாசகர்)

பதில்: அந்த வளைவில் மதகு கிடையாது. குறவன் மலை, குறத்தி மலை என்ற இரண்டு பாறைகளுக்கு நடுவே, பெரியாற்றுக்குக் குறுக்கே வில்போல வளைத்துக் கட்டியது. நீரின் தள்ளுதலை இருபக்கப் பாறை வாங்கிக்கொள்கிறது. நான் முன்னே சொன்ன ஆதிப்பாறையின் பலம் இங்கே கண்ணுக்குத் தெரியும். 1976இல் இந்திரா காந்தி திறந்துவைத்தார். அணைக்கு இந்த இடத்தைக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். உபரி நீரைத் திறப்பது பக்கத்துச் செறுதோணி அணை. 2018 வெள்ளத்தில் 26 ஆண்டுகளுக்குப் பின் திறந்தார்கள். மின்சாரத்துக்கான நீர் குளமாவிலிருந்து சுரங்கம் வழியே இறங்கி, மூலமற்றத்தில் பூமிக்கடியில் உள்ள 780 மெகாவாட் நிலையத்துக்குப் போய், வெளியே வரும்போது பெரியாறாக இருப்பதில்லை. தொடுபுழை வழியே மூவாற்றுப்புழையில் சேர்ந்துவிடுகிறது.

கேள்வி: பிள்ளைகள் காரில் ஏறினால் செல்போனை விட்டு நிமிர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை மெதுவாக்கி, "இந்தத் தண்ணீர் எந்தக் கடலுக்கு?" என்று கேளுங்கள். பாலக்காட்டுக் கல்பாத்திப் புழையில் எளிது. பொள்ளாச்சியில் தவறாகச் சொல்வார்கள், ஆழியாறு அவர்களை ஏமாற்றும். சின்னாறு பாலத்தில் கேரள எல்லையைப் பார்த்துவிட்டு மேற்கு என்பார்கள். தஞ்சைப் பிள்ளைகள் என்பதால் காவிரியைச் சொல்லிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். லக்கம் தாண்டி ராஜமலைக்கு ஏறும்போது ஒரு பக்கத்து ஓடை காவிரிக்கும் மறுபக்கத்து ஓடை பெரியாற்றுக்கும் பிரியும். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தலாம். இடுக்கியில் எல்லோரும் சரியாக அரபிக்கடல் என்பார்கள். சரி, எந்த ஆற்றின் வழியாக என்று அடுத்ததைக் கேளுங்கள்.